வாய் கொப்பளித்த மரம்

"டிக்."

சின்னச் சத்தம்தான். கடிகாரம் அடிக்கிற மாதிரி, நகத்தைக் கடிக்கிற மாதிரி. ஆனாலும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கம்பவுண்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. எதிரே செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவின் முகம் தெரியவில்லை. தாள் மட்டும் அசைவதை நிறுத்தியது.

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றார் அவர்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்கும்தான் கேக்கல."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து பின்னறைக்கு ஓடினார்கள். வாசற்படியில் தோள் இடித்துக்கொண்டது.

ஜன்னல் விளிம்பில், முந்தாநாள் பசை போட்டு வைத்த மரக்கட்டை இருந்தது. விரல் நீளம், சதுரமாக அறுத்தது, வயிற்றுக்குள் பித்தளைக் குழாய். அதன் மேல் ஒரு கோடு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, சீப்பால் வகிடெடுத்த மாதிரி நேராக ஓடியது.

"வெடிச்சிருச்சு," என்றார் கம்பவுண்டர்.

"கண்ணு தெரியுது எனக்கு."

"இன்னும் ரெண்டு கட்டைதான் இருக்கு."

"கணக்கும் தெரியும்."

டாக்டரம்மா கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அந்தப் பார்வையைக் கம்பவுண்டருக்கு நன்றாகத் தெரியும். 'இந்தப் பல்லைப் பிடுங்கித்தான் ஆகணும்' என்று சொல்லப்போகிற பார்வை.

டாக்டரம்மா பல் டாக்டர். அவர் அவளுடைய கணவர். 'கம்பவுண்டர்' என்பது நோயாளிகள் வைத்த பெயர். கிளினிக்கில் சீட்டு எழுதியது, பல் அச்சுக்கு மாவு குழைத்தது, விளக்கைத் திருப்பியது எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் பல் குடையும்போது பக்கத்தில் நின்று ஒரு கையால் தண்ணீர் பீய்ச்சுவார், மறு கையால் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பார். அதனால் குழந்தைகளுக்கு அவர் 'உறிஞ்சி மாமா'.

கிளினிக்கை மூடிய பிறகு அவளுக்குக் கை பரபரத்தது. மகள் ஒரு சின்ன கடைசல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தாள். பல்லைக் குடைந்த கைக்கு மரத்தைக் குடைந்து பேனா செய்வதா கஷ்டம்? கட்டையின் நடுவே நீளவாக்கில் துளை போட வேண்டும். துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருக வேண்டும். இறுகியதும் இரண்டு முனையையும் மட்டமாக்கி, கடைசலில் ஏற்றி உளியால் சீவினால் வழவழவென்று உருண்டு வரும். பிறகு முனை, மூடி, மை எல்லாம் கடையில் கிடைப்பதுதான்.

சீவுகிற வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் பேனாக்கள் அத்தனை அழகு. என்ன, வாங்கிக்கொண்டு போனவர்களின் சட்டைப் பையில் நாலைந்து நாள் கழித்து அவையும் "டிக்" என்றன. அவர்கள் மரியாதைக்குச் சொல்லாமல் இருந்தார்கள். சொன்ன ஒரே ஆளான பக்கத்து வீட்டுக்காரரிடம், "வெயில்ல வச்சிருப்பீங்க," என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். சர்க்கரை தின்னாதே என்கிற அதே குரலில்.

ஆனால் இந்தக் கட்டைகள் வேறு. இவற்றைக் கடையில் வாங்க முடியாது.

கிளினிக்கில் காத்திருப்போர் பெஞ்சு ஒன்று இருந்தது. அதன் கைப்பிடியை அறுத்து எடுத்த கட்டைகள் இவை. நாளை மறுநாள் மகளுக்குப் பதிவுத் திருமணம். அந்தப் பெஞ்சு மரத்தில் செய்த பேனாவால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அவள் கேட்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அம்மாவிடம் பெரிதாக எதையும் கேட்காத பெண். கேட்டது இது ஒன்றுதான்.

"பசையில கோளாறு," என்றாள் டாக்டரம்மா.

"அதான் பசையை மாத்தியாச்சே. பசைக்கடைக்காரர் நம்மளைப் பார்த்தாலே ஷட்டரை இறக்குறார்."

"குழாய் வழுக்குது. இன்னும் நல்லா உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கணும்."

"தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே போச்சு. நாளன்னிக்குச் சாட்சிக் கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வைன்னு சொன்னா மாட்டிக்குவேன்."

"அப்ப மரம்தான். வயசான மரம்."

"வயசானா வெடிக்கணும்னு இருந்தா நான் எப்பவோ வெடிச்சிருக்கணும், டாக்டரே."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள் என்பது மூக்கு நுனியில் தெரிந்தது. வெடித்த கட்டையை அவர் வாங்கி, அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினார். அதற்கு முன் வெடித்தவையும் அங்கேதான் அடக்கம்.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். கூடவே மாப்பிள்ளையாகப் போகிறவனும். மகள் ரயில் ஓட்டுகிறவள். அவன் ரொட்டிக்கடை வைத்திருப்பவன். கை நிறைய கிரீம் பன்.

"வாடா கடியா," என்றாள் டாக்டரம்மா. "பல் டாக்டர் வீட்டுக்கு இதை எடுத்துக்கிட்டு வர எவ்வளவு தைரியம் உனக்கு! ஊர்ல பாதிப் பேருக்குச் சொத்தைப் பல் உன் கடையாலதான்."

"நான் சொத்தையாக்கினதாலதான அத்தை உங்க கிளினிக் ஓடுச்சு?"

'கடியன்' என்ற பெயர் சும்மா வரவில்லை. எட்டு வயதில் பல்லைக் காட்ட வந்தவன், டாக்டரம்மாவின் விரலைக் கடித்தான். வெளியே துரத்தப்பட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே அதன் கைப்பிடியைக் கடித்தான். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் மகள், "பெஞ்சைக் கடிக்காத, அம்மா திட்டுவாங்க. இந்தா, இதைக் கடி," என்று தன் பென்சிலைக் கொடுத்தாள். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை.

"அம்மா, பேனா ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"ஆயிட்டே இருக்குன்னா? ரயில் கிளம்பிருச்சா, இன்னும் ஷெட்டுலயே நிக்குதா?"

"கிளம்பிருச்சு, கிளம்பிருச்சு," என்றார் கம்பவுண்டர் அவசரமாக. "ஒரு ஸ்டேஷன்தான் பாக்கி."

மகள் அப்பாவைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவக்கும். பன்களை வைக்க அலமாரியில் பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்தாள். டப்பா கலகலவென்றது.

"அதை எடுக்காதம்மா..."

எடுத்து, திறந்தும் விட்டாள். உள்ளே வரிசையாகப் பிளந்த கட்டைகள். ஒன்றில் சின்னச் சின்னப் பல் தடம் இருந்தது. மகள் அதைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் அந்தத் தடத்தைத் தடவினாள்.

"எல்லாமே போயிருச்சாம்மா?"

"ரெண்டு இருக்குடி."

மகள் அம்மாவின் தோளில் கை போட்டாள். "விடும்மா. பதிவு ஆபீஸ்ல கயித்துல கட்டின பேனா ஒண்ணு இருக்கும். அதுல போட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தக் கயிறு கம்பவுண்டரின் நெஞ்சுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது.

கடியன் இதற்குள் பின்னறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். துளைபோடும் இயந்திரத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கிய ஒரு தட்டு. பக்கத்தில் கிளினிக்கில் பார்த்த அதே தண்ணீர் பீய்ச்சும் குழல்.

"என்ன மாமா இது? மரத்தையும் வாய் கொப்பளிக்கச் சொல்றீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கம்பவுண்டரும் சிரித்தார். சிரித்து முடித்து ஆளுக்கொரு பன் தின்றார்கள். டாக்டரம்மா இரண்டு தின்றாள்.

மறுநாள் காலை கம்பவுண்டர் குளித்து முடித்து, துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறைக் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. இது வழக்கம்தான். வெந்நீரில் குளித்தால் அந்தக் கதவுக்குக் கோபம் வந்து உப்பிக்கொள்ளும்.

"கதவு பிடிச்சுக்கிச்சு!" என்று கத்தினார்.

"காலை வச்சு உதைங்க!" வெளியேயிருந்து பதில் வந்தது.

"உதைச்சா கால் போயிரும்!"

"அப்ப உள்ளேயே நில்லுங்க. தண்ணியைக் குடிச்சு உப்பியிருக்கு, காஞ்சா தன்னால சுருங்கித் திறந்துக்கும். இதுகூடவா தெரியாது?"

தெரியும். எத்தனையோ காலமாகத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் ஒன்று, திடீரென்று முகத்துக்கு நேரே திரும்பி நின்று 'என்னைப் பார்' என்கிறதில்லையா, அப்படி நின்றது. தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கும். கதவு சட்டத்துக்குள் சுருங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வயிற்றுக்குள் பித்தளைக் குழாயை வைத்துக்கொண்டு சுருங்கினால்? மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது. மரம் என்ன செய்யும் பாவம்?

"டிக்," என்றார் கம்பவுண்டர் வாய்விட்டு.

"என்னது?"

"ஒண்ணுமில்ல!"

கடியன் சொன்ன கொப்பளிப்பு அப்போதுதான் உறைத்தது. அவள் கட்டையில் துளை போடும்போது இடது கையைப் பின்னால் நீட்டுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள், கேட்க மாட்டாள். விரல் மடங்கும் விதத்திலேயே அவருக்குத் தெரியும், தண்ணீர். உடனே பீய்ச்சுவார். பல்லுக்குச் சூடேறக் கூடாது. அதனால் தண்ணீர். கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். மரத்துக்கு யார் கேட்டார்கள் என்று இருவருமே யோசிக்கவில்லை. துணியால் மேலே துடைத்துவிட்டுப் பசை போட்டார்கள். உள்ளே மரம் வயிறு முட்டக் குடித்திருந்தது.

கதவு தானாகவே நெகிழ்ந்து திறந்துகொண்டது. அவர் வெளியே போகவில்லை. துண்டோடு அங்கேயே நின்றார்.

சொல்லிவிடலாம். சொன்னால், தண்ணீர் வேண்டாம் என்று ஆகும். தண்ணீர் வேண்டாம் என்றால் பின்னறையில் அவருக்கு என்ன வேலை? கிளினிக்கை மூடிய அன்று ராத்திரி, 'இனிமே என்ன செய்யப் போறேன்' என்று அவள் கேட்டாள். அதே கேள்வி தனக்கும் இருந்ததை அவர் சொல்லவில்லை. கடைசல் இயந்திரம் வந்தபின், அந்த இடது கை பழையபடி பின்னால் நீண்டபோதுதான் அவருக்கு மூச்சே வந்தது. இப்போது போய், 'உன் கை சும்மா நீளுது' என்று சொல்வதா? சொன்னால் முன்னறையில் உட்கார்ந்து செய்தித்தாளில் விளம்பரம் வரை படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"கதவுதான் திறந்திருக்கே, இன்னும் என்ன உள்ள? சிலை வைக்கப் போறாங்களா?"

அவருக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. பதிவு ஆபீஸ் பேனாவின் கயிறு.

"வரேன்," என்றார்.

ஆனால் வந்தவர் உடனே சொல்லவில்லை. சட்டை போட்டார், தலை வாரினார், டீ குடித்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் டாக்டரம்மா கட்டையை இயந்திரத்தில் மாட்டிவிட்டாள். இரண்டில் ஒன்று. இயந்திரம் சுழன்றது. இடது கை பின்னால் நீண்டது. விரல்கள் மடங்கின.

தண்ணீர் வரவில்லை.

விரல்கள் இன்னொரு தடவை மடங்கின. பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது.

"தண்ணி!"

"தர மாட்டேன்."

இயந்திரம் நின்றது. டாக்டரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"தண்ணி தர மாட்டேன்னு சொன்னேன்."

"காலையில கதவு தலையில இடிச்சிருச்சா?"

"கதவுதான் சொல்லுச்சு. மரம் தண்ணி குடிச்சா உப்புது. காஞ்சா சுருங்குது. நடுவுல குழாய் இருக்கு, அது விடாது. அதான் பிளக்குது. பசை நல்ல பசை, மரம் நல்ல மரம்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "தண்ணி ஊத்துற ஆள்தான் சரியில்ல."

டாக்டரம்மா குழலைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். தன் இடது கையைப் பார்த்தாள், அது யாரோ ஒருத்தியின் கை என்பதுபோல.

"நான் கை நீட்டினேனா?"

"எப்பவும் நீட்டுவே."

"மரத்துக்கா?"

"மரத்துக்குத்தான்."

"அட கடவுளே! பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வெயில்ல வச்சீங்களான்னு சண்டைக்குப் போனேனே!"

"கவலைப்படாத, நானும் உனக்கு ஒத்து ஊதினேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "சரி, தள்ளுங்க," என்று இயந்திரத்தை ஓடவிட்டாள். காய்ந்த கட்டைக்குள் துளையாணியை ஒரே மூச்சில் இறக்கினாள். பாதி போனதும் புகை வந்தது. கருகிய வாடை வந்தது. நிறுத்துவதற்குள், பசைகூட போடாத கட்டை கையிலேயே "டிக்" என்றது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? தண்ணியும் வேணும், தண்ணியும் கூடாதுன்னா நான் என்ன பண்றது?"

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசிக் கட்டை மேசையில் கிடந்தது. சின்னதாக, ஒன்றும் தெரியாததுபோல.

"நான் தொட மாட்டேங்க. இதையும் உடைச்சிட்டு அவ முகத்துல முழிக்க என்னால ஆகாது. கயித்துப் பேனாவே இருக்கட்டும்."

கம்பவுண்டர் கருகிய கட்டையைத் தட்டினார். துளையிலிருந்து தூள் கொட்டவில்லை. உள்ளே இறுகிக் கிடந்தது. அவர் அதை நோண்டிப் பார்த்தார்.

"டாக்டரே, ஒரு சந்தேகம். பல்லுல ஒரே அமுக்கா அமுக்குவியா?"

"எந்த மடச்சி அமுக்குவா? தொட்டுத் தொட்டு எடுக்கணும். இல்லைன்னா தூள் உள்ளேயே நின்னு..." அவள் நிறுத்தினாள்.

"நின்னு?"

"சூடேறும்," என்றாள் மெதுவாக. "தண்ணி இருந்தா அது தூளையும் அடிச்சுக்கிட்டுப் போயிரும். தண்ணி இல்லைன்னா தூளை யாராவது வெளிய எடுக்கணும்."

கம்பவுண்டர் விருட்டென்று திரும்பினார். அறையை விட்டே போய்விட்டார். கோபமாக்கும் என்று அவள் எட்டிப் பார்த்தாள். அவர், படுக்கையறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்.

"வீடு பெருக்குற நேரமா இது?"

"பேசாம வாயைத் திறக்கச் சொல்லு."

"யாரை?"

"கட்டையை!"

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அவர் உறிஞ்சும் குழாயை இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே, குழந்தைகளின் உதட்டோரம் வைக்கிற அதே பிடியில் பிடித்திருந்தார். அவள் எழுந்தாள். கடைசிக் கட்டையை மாட்டினாள்.

"பெரிசா ஆ காட்டு," என்றாள் கட்டையிடம். "வலிக்காது."

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவே."

துளையாணி கொஞ்சம் இறங்கியது, வெளியே வந்தது. குழாய் 'ஸ்ஸ்' என்று தூளை இழுத்தது. மறுபடி கொஞ்சம். மறுபடி 'ஸ்ஸ்'. பேச வேண்டியிருக்கவில்லை. ஆணி மேலே வரும் நேரமும் குழாய் கீழே போகும் நேரமும் எங்கோ ஏற்கெனவே பேசி வைத்த மாதிரி இருந்தது. அடிப்புறம் பிய்ந்துவிடாமல் கடைசிக் கொஞ்சத்தை அவள் பூப்போல இறக்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அவர் கண் தெரிந்தது.

"புகை இல்லை," என்றாள் துளை வழியாக.

"சூடும் இல்லை," என்றார் மறுபக்கத்திலிருந்து.

பித்தளைக் குழாய்க்குள் பசை போய்விடாதபடி இரு முனையையும் பல் அச்சு மெழுகால் அடைத்தாள். பசை தடவி, திருகித் திருகிச் செருகினாள். ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். அன்று முழுக்க அந்த வீட்டில் ஒருவரும் சத்தமாக நடக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் அவர் பாத்திரத்தில் கரண்டி பட்டு "டிங்" என்றதற்கே இரண்டு பேரும் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

விடிந்தது. கட்டை முழுசாக இருந்தது.

முனைகளை மட்டமாக்கி, கடைசலில் ஏற்றி, அவள் சீவ ஆரம்பித்தபோது பழைய கறுப்பு மெருகுக்குக் கீழேயிருந்து தேன் நிறம் வெளியே வந்தது. சுருள்கள் பறந்தன. பறந்ததையெல்லாம் அவர் உறிஞ்சினார். அவள் காதோரம் ஒட்டியிருந்த ஒன்றையும் விடவில்லை.

"ஐயோ, முடியை இழுக்குது! தள்ளிப் போங்க!"

"வேலைன்னு வந்துட்டா நான் ஆள் பார்க்க மாட்டேன்."

பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். அதிகாரி அம்மாள் மேசையில் உண்மையாகவே கயிற்றில் கட்டிய பேனா ஒன்று தொங்கியது. மகள் அதைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ரயில் வருமா வராதா என்று எட்டிப் பார்க்கிற பயணிகளின் முகம் அன்றைக்கு ரயில் ஓட்டுகிறவளுக்கே இருந்தது.

டாக்டரம்மா கைப்பையைத் திறந்து, பஞ்சில் சுற்றிய பேனாவை எடுத்து நீட்டினாள்.

மகள் அதைக் கையில் வாங்கி உருட்டினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், "சரியான நேரம்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதெல்லாம் உங்க அப்பா டிபார்ட்மெண்ட்," என்றாள் டாக்டரம்மா. "உறிஞ்சுற விஷயத்துல நான் தலையிடறதில்ல."

மகள் கையெழுத்துப் போட்டாள். பேனா கடியனிடம் போனது. அவன் தாளைப் பார்த்தான். எந்த இடத்தில் போடுவது என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே பேனாவின் பின்முனையை வாயில் வைத்து...

"கடிக்காதடா!" மூன்று பேர் குரலும் ஒன்றாக எழுந்தது. அதிகாரி அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

பிந்திவிட்டது. 'கடக்' என்று கேட்டது. கடியன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா பேனாவைப் பிடுங்கி, ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தில் பார்த்தாள். உலோக மூடிக்குப் பக்கத்தில், மரத்தில், சின்னதாக ஒரே ஒரு பல் தடம்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகல. வெடிப்பே இல்லை. அப்படியே கல்லு மாதிரி இருக்கு," என்றாள் பெருமையாக. "நீ வாயைத் திற."

"அத்தை, இங்கேயா? எல்லாரும் பாக்கறாங்க..."

"பெரிசா ஆ காட்டு. வலிக்காது. ம்... ஓரத்துல லேசா உடைஞ்சிருக்கு. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, அடைச்சிரலாம்."

"கையெழுத்து?" என்றார் அதிகாரி அம்மாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா, நோயாளியைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

குனிந்தபடியே, திரும்பிப் பார்க்காமல், அவள் இடது கை பின்னால் நீண்டது. விரல்கள் மடங்கின.

கம்பவுண்டர் ஏற்கெனவே பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். அந்தக் கையில் தண்ணீரை வைத்தார்.

"கொப்பளி," என்றாள் டாக்டரம்மா.